அனுபவம் என்ற இடத்தில்

படிக்கிறபோதே வேலைக்குத் தயாராவது எப்படி என்று கல்லூரி மாணவருக்கு வழிகாட்டும் புத்தகங்கள் குவிகின்றன. லீவில் வேலை பழகு, அனுபவம் சேர் என்கின்றன. குண்டடம் பக்கம் எங்க வளவுப் பிள்ளைகள் லீவு விட்டதும் திருப்பூர் பஸ் ஏறுவது பீஸ் கட்டத்தான். பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டணும், கைமடிக்கணும். ஒன்றரை ஷிப்ட். நானும் அப்படிப் படிச்சவன்தான். வேலைக்கு மனுப் போடும்போது 'அனுபவம்' என்ற இடத்தை வெறுமனே விட்டேன். கூலி வேலையை யார் அனுபவம்னு சொல்லித் தந்தாங்க?

இந்தப் புத்தகங்கள் தொடாத பாடம் அம்பேத்கரின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' குறிப்புகளில் இருக்கிறது. பரோடா சமஸ்தானத்து உதவித்தொகையில் கொலம்பியாவில் படித்தவர், 1917இல் அதே சமஸ்தானத்துக்கு வேலைக்கு வந்தார். இதுக்கு மேல என்ன தயாரிப்பு வேணும்? தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயரில் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்தவர்கள் அன்றே காலி பண்ணச் சொன்னார்கள். பூங்காவில் ஐந்து மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு பம்பாய்க்கு ரயிலேறினார்.

அண்ணன் மகள் பி.காம். முடிக்கப் போகிறாள். "கைமடிச்சதை எழுதட்டுமா சித்தப்பா?" என்றாள். எழுது கண்ணு என்றேன். போன மாதம் அவளுக்குத் திருப்பூரில் அறை தேடினோம். வீட்டுக்காரம்மா படிப்பைக் கேட்கவில்லை. "குண்டடத்துல எந்தப் பக்கமுங்க?" என்றார்.