இவான் இலியிச்சின் ஆத்மவஞ்சனை

லியோ தோல்ஸ்தோய் 1886இல் வெளியிட்ட ‘இவான் இலியிச்சின் மரணம்’ என்ற குறுநாவலை, மரணபயத்தைச் சித்திரிக்கும் படைப்பென்றே பலர் பாராட்டுவர். அப்பாராட்டுப் பிழையன்று; ஆயினும் அது கதையின் பாதியைக் காணாது விட்டுவிடுகிறது. தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் வித்தையை ஒருவன் எங்கே கற்றான் என்ற வினாவே இந்நூலின் உயிர்நிலை என்பது என் கருத்து.

இவான் இலியிச் நீதிமன்றத்தில் உயர்பதவி வகிப்பவன். வழக்கொன்று தன் முன் வந்ததும், அதிலுள்ள மனிதனை விலக்கிவிட்டு, கடதாசியில் எழுதத்தக்க அம்சங்களை மாத்திரம் எஞ்சவைப்பதில் வல்லவன். அத்திறமையில் அவனுக்குப் பெருமையும் உண்டு. திரைச்சீலை தொங்கவிடும் முறையைக் காட்ட ஏணியில் ஏறியவன் சறுக்கி விலாவில் அடிபடுகிறான். பின்னர் நோய் முற்றுகிறது. தன் உயிருக்கு ஆபத்துண்டா என்பதே வைத்தியரிடம் அவன் அறிய விரும்புவது. அவரோ அவ்வினாவைப் பொருட்படுத்தாது, கோளாறு சிறுநீரகத்திலா குடல்வாலிலா என்று ஆராய்கிறார். குற்றஞ்சாட்டப்பட்டோர் முன் இவன் வருவித்துக்கொண்ட அதே முகபாவத்தை இப்போது வைத்தியரிடம் காண்கிறான். இக்காட்சியை வெறும் அங்கதமென்று வாசித்துக் கடந்துவிடலாகாது. பிறர் துன்பத்தைக் காணாதிருக்கத் தொழில் கற்பித்த முறையைத்தான், தன் மரணத்தைக் காணாதிருக்கவும் அவன் கையாள்கிறான். மனிதர் யாவரும் இறப்பர் என்ற தருக்கநூற் சூத்திரம், அந்நூலின் உதாரண புருஷனான காயுஸுக்குப் பொருந்தும். தனக்கும் பொருந்துமென அவனால் நம்ப முடியவில்லை.

இவ்வஞ்சனை அவன் ஒருவனால் மட்டும் நீடிப்பதன்று. வீட்டாரும் வைத்தியரும் ‘இது நோய்தான், மரணமல்ல’ என்ற நாடகத்திற் பங்குகொள்கின்றனர். இறந்த செய்தி கிடைத்ததும் சக உத்தியோகத்தர் தத்தம் இடமாற்றத்தையும் பதவியுயர்வையும் எண்ணுகின்றனர். விதவை, அரசிடமிருந்து மேலும் பணம் பெற வழியுண்டா என விசாரிக்கிறாள். இவற்றைத் தோல்ஸ்தோய் முதல் அத்தியாயத்திலேயே வைத்தது வெறும் உத்தியன்று. இறந்தவனின் பொய் அவனோடு புதைக்கப்படவில்லை என்பதை அறிந்துகொண்டே நாம் அவன் வாழ்க்கைக்குள் நுழைகிறோம்.

பொய் சொல்லாதவன் கெராசிம் ஒருவனே. குடியானவ இளைஞன், நோயாளியின் மலசலத்தை அகற்றுபவன், சில இரவுகளில் விடியும்வரை அவன் கால்களைத் தன் தோளில் தாங்கியிருப்பவன். இங்கேதான் நான் ஆசிரியருடன் முரண்படுகிறேன். அவனுடைய முகமலர்ச்சியைத் தோல்ஸ்தோய் இயற்கையின் கொடைபோலக் காட்டுகிறார். (அந்த உழைப்பு அவனுக்குச் சுமையே அல்லவாம்!) இறுதிக் கணத்தில் எஜமானுக்கு ஒளி தென்படுகிறது. வேலைக்காரனோ, அதே வீட்டில், இரங்கல் தெரிவிக்க வந்தவருக்கு மேலங்கி எடுத்துக் கொடுத்து நிற்கிறான். கெராசிம் நோயுற்றுக் கிடக்குங்கால் அவன் கால்களை யார் தாங்குவார் என்று நூலில் எவரும் கேட்கவில்லை, ஆசிரியரும் கேட்கவில்லை.