இறெம்பிராண்டின் இரு முகங்கள்

ஒல்லாந்து நாட்டு ஓவியருள் தலையாயவராக மதிக்கப்பெறும் இறெம்பிராண்ட், 1606 ஆம் ஆண்டில் லைடன் நகரிலே காற்றாலைத் தொழில் செய்தவரின் மகனாகப் பிறந்து, 1669 இல் அம்ஸ்ரர்டாமில் மறைந்தார். தம் முகத்தை ஏறத்தாழ நாற்பது முறை வண்ணத்தில் தீட்டியவர் அவர். அவற்றுள் இலண்டனில் உள்ள இரண்டினை ஒப்பு நோக்கின், அவர் கலை சென்ற வழி ஒருவாறு புலனாகும்.

முதலாவது, தேசிய ஓவியக்கூடத்தில் உள்ள 1640 ஆம் ஆண்டுப் படம். செல்வக் குடும்பத்துச் சஸ்கியாவை மணந்து, முந்திய ஆண்டில் 13,000 கில்டர் விலையில் பெருமனையொன்றையும் வாங்கியிருந்த காலம் அது. இரபேலும் தித்தியனும் தீட்டிய பெருமக்களின் தோற்றத்தைத் தமக்குப் பொருத்தி, விலையுயர்ந்த உடையில், கையைத் திண்டின்மீது ஊன்றி நிற்கிறார். தூரிகையை அங்கே காணோம். தொழிலை மறைத்த தொழிலாளர் அவர்.

இரண்டாவது, கென்வுட் மாளிகையில் உள்ளது. 1665 இற்கும் 1669 இற்கும் இடையில் தீட்டப்பட்டதென்பர். இடைக்காலத்தில் சஸ்கியா இறந்தார் (1642). கடனால் நொடிந்து (1656) உடைமையும் மனையும் இழந்தார். பின்னாளில் உடன் வாழ்ந்த ஹென்றிக்கியேயும் மறைந்தார் (1663). இப்படத்திலோ வண்ணத்தட்டும் தூரிகைகளும் கையில் உள. தொப்பி சில தடித்த வெண் கீற்றுகளே. கையோ முற்றுப்பெறாத கோடுகளே. தளர்ந்த கன்னமும் நெற்றிச் சுருக்கமுமே நம் பார்வையை நிறுத்துகின்றன.

துன்பமே இவ்வளர்ச்சியைத் தந்தது என்பாரும், 'இரவுக் காவல்' ஓவியம் மறுக்கப்பட்டமையே அத்துன்பத்தின் தொடக்கம் என்பாரும் உளர். பின்னது வெறுங்கதை, அவ்வோவியத்திற்குக் கூலி கொடுக்கப்பட்டது, காவற்படையினரின் மண்டபத்திலும் அது தொங்கியது. மனைக்கடனும் அளவிறந்த கலைப்பொருட் சேகரிப்புமே அவரை நலிவித்தன.

இன்னும் ஒன்றை மறைத்தல் தகாது. தம் மகனை வளர்த்த கேர்ட்யே டிர்க்ஸ் என்பார், மணவாக்கு மீறினார் என்று 1649 இல் அவர்மீது வழக்குத் தொடுத்தார். மறு ஆண்டில் அப்பெண் கௌடா நகரச் சீர்திருத்த இல்லத்தில் அடைக்கப்பட்டார். அதற்கு ஓவியரும் உடந்தை. 1655 இலேயே அவர் விடுதலை பெற்றார். முதியோரின் முகங்களில் இத்துணை இரக்கத்தைத் தீட்டிய கை, தம் இல்லத்திலே அதனைக் காட்டவில்லை.

கென்வுட் படத்திலே அக்குற்றத்திற்கான கழிவிரக்கத்தைக் காண விழைவது நம் விருப்பமேயன்றி ஓவியத்தின் சான்றன்று. அது நம் இரக்கத்தை வேண்டவில்லை, மன்னிப்பையும் வேண்டவில்லை. தம்மை உயர்த்திக் காட்டவல்ல தூரிகை, அங்ஙனம் செய்ய மறுத்தமையே அதன் பெருமை. மாணவராகிய நாம் கலைஞரைத் தெய்வமாக்கவும் வேண்டா. வாழ்க்கையின் மாசு கண்டு கலையைத் தள்ளவும் வேண்டா. இரண்டையும் ஒருங்கே நோக்கும் திண்மையே திறனாய்வாளனுக்கு வேண்டுவது.