ஆசிரமங்கள் காட்டிய சீஷத்துவம்

1921-இல் இரண்டு மருத்துவர்கள் திருப்பத்தூரில் கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். ஒருவர் தமிழரான சவரிராயன் இயேசுதாசன். மற்றவர் ஸ்காட்லாந்தின் செல்வக் குடும்பத்தில் பிறந்த எர்னஸ்ட் பாரெஸ்டர் பேட்டன். திருமணம் வேண்டாம், கதர் போதும், ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதே அவர்கள் ஏற்றுக்கொண்ட வாழ்க்கை.

வெள்ளைக்காரர் தலைமை தாங்க, இந்தியர் கைகட்டி வேலை பார்ப்பதே அன்றைய மிஷன் வளாகங்களில் வழக்கம். திருப்பத்தூரில் இயேசுதாசன் பெரியண்ணன், பேட்டன் சின்னண்ணன். ஊரும் அப்படியே அழைத்தது. ஒரு பிரசங்கமும் சொல்லாததை அந்த முறைப்பெயர்கள் சொல்லிவிட்டன. 1932-இல் சென்னையில் அந்நியத் துணி மறியல் நடந்த இடத்தில் சின்னண்ணன் போலீசாரிடம் அடிபட்டார்; செய்தி பிரிட்டிஷ் பாராளுமன்றம் வரை போனது. ஆசிரமத்து ஜெபாலயமும் கோபுரத்தோடு, நம் ஊர்க் கோயில்களின் சாயலில்தான் எழுந்தது.

கத்தோலிக்கர் போன வழி வேறு. 1950-இல் மொன்ஷானென், அபிஷிக்தானந்தர் என்று பெயர் பெற்ற ஆன்ரி லெ சோ ஆகிய இரு பிரெஞ்சுத் துறவிகள் குளித்தலைக்குப் பக்கத்தில், காவிரிக் கரையில் சாந்திவனத்தை அமைத்தார்கள். அங்கே முதலிடம் தியானத்துக்கு. 1968-இல் பொறுப்பேற்ற ஆங்கிலேயர் பீட் கிரிஃபித்ஸ், 1993-இல் இறக்கும்வரை காவி உடுத்தியே வாழ்ந்தார். வழிபாட்டில் உபநிடத வாசிப்பும் உண்டு, ஆரத்தியும் உண்டு. இது கலப்படம் என்று கண்டித்தவர்கள் கிறிஸ்தவர், இந்துக்கள் என இரு தரப்பிலும் இருந்தார்கள். அந்த விவாதம் நியாயமானது. அங்கே நடந்த ஜெபமும் உண்மையானது.

ஆசிரமம் என்ற பெயர் இல்லாமலே அந்த வாழ்க்கையை வாழ்ந்த இடம் நெல்லைச் சீமையின் டோனாவூர். கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் மிஷனரி ஏமி கார்மைக்கேல் அங்கே சேர்த்து வளர்த்தார். பணம் கேட்டு எவரிடமும் கையேந்துவதில்லை என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. பொட்டுக்கட்டுவதைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் வந்தது 1947-இல்தான். 1951-இல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படி கல்லறைக்கல் நடவில்லை. பறவைகள் நீர் அருந்த ஒரு கல்தொட்டி வைத்து, அதில் 'அம்மாய்' என்று பொறித்தார்கள்.

மருத்துவம், தியானம், குழந்தை வளர்ப்பு என்று வேலை வேறு வேறாக இருந்தாலும் மூன்று இடங்களிலும் ஒன்று பொது. யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறோம், யார் சொல்லுக்குக் கீழ்ப்படிகிறோம், பணம் எங்கிருந்து வருகிறது என்பவை அங்கே ஆவிக்குரிய கேள்விகளாகவே இருந்தன. இன்று கன்வென்ஷன் கூட்டத்தின் அளவையும் யூடியூப் பார்வைகளையும் வைத்து ஊழியத்தை எடைபோடுகிறோம். சாதி பார்த்துப் பெண் எடுப்பதும் தனிக் கல்லறைத் தோட்டமும் அந்தத் தராசில் ஏறுவதே இல்லை. அதுதான் வேதனை.

சபைப் பெரியோர்களுக்கு ஒரு விண்ணப்பம். இந்த ஆண்டு வாலிபர் முகாமுக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு பகுதியை எடுத்து, பிள்ளைகளை இத்தகைய இடம் ஒன்றில் ஒரு வாரம் தங்க அனுப்புங்கள். சுற்றிப் பார்த்துத் திரும்ப வேண்டாம். அங்குள்ளவர்களோடு ஜெபிக்கட்டும், பாத்திரம் கழுவட்டும், நோயாளிகளோடு உட்காரட்டும்.