களிம்பும் கலையழகும்

வெண்கலச் சிற்பங்களைப் போற்றுவோர் பலர், அவற்றின்மீது படர்ந்துள்ள பசுமையையும் சேர்த்தே போற்றுகின்றனர். தொன்மையின் முத்திரையாகவும் அழகின் ஓர் அமிசமாகவும் அது கொள்ளப்படுகின்றது. ஆயின், அப்பசுமை யாருடைய ஆக்கம் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது.

பிரெஞ்சுச் சிற்பி ரோடினைப் பொறுத்தவரை விடை எளிது. அவருடைய வெண்கல உருவங்களுக்கு இரசாயனக் கரைசல்களும் வெப்பமும் கொண்டு திட்டமிட்டே நிறம் ஊட்டப்பட்டது. லிமே என்னும் வல்லுநர் அவருக்காக இப்பணியைச் செய்தார். அங்கு மேற்பரப்பும் சிற்பியின் கூற்றேயாகும். அதே ரோடின் சென்னை நூதனசாலையின் நடராச வடிவத்தை வியந்து எழுதிய கட்டுரை, அவர் மறைந்தபின் 1921இல் வெளிவந்தது. நேரிற் காணாது, நிழற்படங்களைக் கொண்டே அவர் அதனை எழுதினார். நிறத்தை அறியாமலே வடிவத்தின் ஆற்றலை அவரால் உணர முடிந்தமை நோக்கத்தக்கது.

தமிழகத்து ஸ்தபதியின் நிலை வேறு. மெழுகிற் கருக்கட்டி வார்த்து, உளியாலும் அரத்தாலும் செப்பஞ்செய்து, துலங்கும் ஒளியோடு அவன் திருவுருவைக் கோயிலுக்கு அளித்தான். வழிபாட்டில் நிலைத்தவற்றின் முகங்களை அபிடேகமும் துலக்கலும் தேய்த்தன. புதையுண்டவற்றுக்கு மண் தன் நிறத்தை ஏற்றியது. 1907, 1908 ஆம் ஆண்டுகளிற் பொலன்னறுவைச் சிவாலயங்களில் அகழ்ந்தெடுக்கப்பட்டுக் கொழும்பு நூதனசாலையை அடைந்த படிமங்கள் பின்னைய வகையைச் சார்ந்தன. மண் தந்த நிறம், சிற்பியின் திறனுக்கன்றி, வழிபாடு நின்றுபோனமைக்கே சான்றாகும். சைவ சித்தாந்திகள் ஆணவ மலத்துக்குச் செம்பிற் களிம்பையே உவமையாக்கினர். களிம்பை மாசெனக் கண்ட மரபின் படைப்பை, அக்களிம்புக்காகவே புகழ்தல் பொருந்துமா?

எனினும், களிம்பைச் சுரண்டியெறிதலும் அறிவுடைமையன்று. செப்புக் காபனேற்றாலான உறுதியான படலம் உள்ளுலோகத்துக்குக் காப்பாகலாம். உளியின் நுண்வரைகள் அப்படலத்திலேயே எஞ்சியிருத்தலும் உண்டு. குளோரைட்டால் விளையும் வெளிறிய பச்சைத் தூளோ, ஈரத்தோடு கூடி உலோகத்தை அரித்துக்கொண்டே செல்லும். அதனைத் தடுத்தே ஆகவேண்டும். முன்னையது வரலாறு, பின்னையது நோய்.

எனவே, சிற்பி செய்தது, அடியார் தேய்த்தது, மண் ஏற்றியது என்னும் மூன்றையும் பிரித்தறிதலே திறனாய்வாளனின் முதற்கடன். அவ்வாறு பிரித்தறியாத இரசனை, ஸ்தபதியை மறந்து மண்ணுக்கு மாலை சூட்டுவதாகவே முடியும்.