அங்கதமும் நகைமாந்தரும்: 'ராக் தர்பாரி'யின் லங்கட்

நகைமாந்தரைப் பற்றிய வாசகரின் மதிப்பீடு, அம்மாந்தரின் இயல்பைவிட, நகைப்பு எவர்மீது செலுத்தப்படுகிறது என்பதையே சார்ந்துள்ளது. ஸ்ரீலால் சுக்லவின் 'ராக் தர்பாரி' (1968) என்னும் இந்தி நாவலில் வரும் லங்கட் இதற்குத் தக்க சான்றாவான்.

தாசில் அலுவலகத்தில் ஓர் ஆவணத்தின் நகல் வேண்டி அவன் அலைகிறான். எழுத்தர் கேட்டது ஐந்து ரூபாய். அவன் தர இசைந்தது இரண்டு. பேரம் முறிந்தபின், கையூட்டின்றி விதிப்படி பெறுவதாக அவனும், விதிப்படியே தருவதாக எழுத்தரும் உறுதி பூணுகின்றனர். இதனை அவன் அறப்போராகக் கருதுகிறான். இரண்டு ரூபாயில் தொடங்கிய அறப்போர் என்பதால் ஊரார் நகைக்கின்றனர். வாசகரும் உடன் நகைக்கிறார்.

ஆனால், மனு ஒவ்வொரு முறையும் ஏதேனும் ஒரு விதியின் பெயரால் தடைப்படும்போது நகைப்பின் இலக்கு மாறுகிறது. விதி பிறழாமலே அநீதி நிகழ்கிறது. ஆசிரியர் லங்கடைத் தியாகியாக உயர்த்தவில்லை, இரங்குமாறு வேண்டவுமில்லை. முன்னர்ச் சிரித்த குற்றவுணர்வே வாசகரிடம் இரக்கமாக மாறுகிறது.

இம்மாற்றத்திற்கு அவன் பெயர் இன்றியமையாதது. 'லங்கட்' என்பது கால் ஊனத்தைச் சுட்டும் இளிசொல். தமிழாக்கத்தில் அதனை ஒலிபெயர்த்து விட்டால் வெறும் பெயராகிவிடும். 'மாற்றுத்திறனாளி' என்றால் ஊராரின் கொடுமை மறைந்துவிடும். 'நொண்டி' என்னும் வன்சொல்லே மூலத்தின் அங்கதத்தைக் காக்கும். வாசகரைச் சிரிப்பில் உடந்தையாக்காத மொழிபெயர்ப்பு, அவரைச் சிந்திக்கவும் வைப்பதில்லை.