கிடங்குக் கதவுக்குப் பின்னால்: துபாய் அல் கூஸின் கலைக்கூடங்கள்

கட்டுமான வேலைக்கு துபாய் போய்வந்தவர்களுக்கு அல் கூஸ் தெரிந்த பெயர்தான். ஷேக் சயீத் சாலைக்கும் அல் கைல் சாலைக்கும் நடுவே சிமென்ட் ஆலைகள், கார் ஒர்க்‌ஷாப்புகள், குடோன்கள், தொழிலாளர் கேம்ப்புகள் என்று பரந்து கிடக்கும் பகுதி. கோபுரங்களைப் பார்க்க வரும் சுற்றுலாப் பயணிகள் இதைத் திரும்பியும் பார்ப்பதில்லை. ஆனால் அரபு நாடுகள், ஈரான், தெற்காசியா ஆகியவற்றின் இன்றைய ஓவியத்தையும் சிற்பத்தையும் ஒரே மாலையில் பார்க்க வேண்டுமானால் இந்தக் குடோன்களுக்குத்தான் போக வேண்டும்.

இங்கே கலையைக் கொண்டுவந்தது இடவசதி. உயர்ந்த கூரை, லாரி நுழையும் வாசல், நகர மையத்தைவிடக் குறைந்த வாடகை. 1990களின் பிற்பகுதியில் ஈரானியக் கட்டடக் கலைஞர் தாரியுஷ் ஸண்டி ‘தி கோர்ட்யார்ட்’ வளாகத்தைக் கட்டினார். 2005இல் ‘தி தேர்ட் லைன்’ கேலரி வந்தது. 2007இல் அப்துல்மொனெம் அல்சர்க்கால் தன் குடும்பத்துக் கிடங்குகளைக் கலைக்குத் திறந்துவிட, ‘அல்சர்க்கால் அவென்யூ’ உருவானது. பக்கத்திலிருந்த பழைய பளிங்குத் தொழிற்சாலையின் இடத்தையும் சேர்த்துக்கொண்டு 2015இல் அது இரு மடங்கானது.

இந்தக் கூடங்களில் சில, சிரியாவில் உள்நாட்டுப் போர் தொடங்குவதற்கு முன்பே அங்கிருந்து வந்தவை. டமாஸ்கஸில் 2006இல் தொடங்கிய ‘அய்யாம்’ இரண்டே ஆண்டில் துபாயிலும் கிளை திறந்தது. ‘கிரீன் ஆர்ட்’ கூடத்தை நடத்தும் அத்தாஸி குடும்பத்தின் வேர் ஹோம்ஸ் நகரில். கட்டடக் கலைஞர் ரெம் கூல்ஹாஸின் ஓ.எம்.ஏ. நிறுவனம் அல்சர்க்காலின் பழைய கிடங்குகளை ‘கான்கிரீட்’ என்ற அரங்காக மாற்றியமைத்து 2017இல் திறந்தபோது, முதலில் மாட்டப்பட்டவை சிரிய ஓவியர்களின் படங்கள். சொந்த ஊரில் போர் நடந்த காலத்தில் அந்த ஓவியங்களுக்கு இங்கே சுவர் கிடைத்தது.

என்னை மிகவும் கவர்வது, அல் கூஸின் வாழ்க்கையையே கலைக்குள் கொண்டுவந்தவர்கள். எமிரேட்ஸின் கருத்தியல் கலைக்கு முன்னோடியான ஹசன் ஷரீஃப் (1951–2016) கடைத்தெருவின் மலிவுப் பொருட்களை வாங்கி, ரப்பர் செருப்புகளைக் கம்பியால் கட்டிக் குவியலாக்கினார். நகரம் எதை வாங்கி எதைத் தூக்கியெறிகிறது என்பதற்கு அந்தக் குவியலே கணக்கு. மும்பையில் வளர்ந்த விக்ரம் திவேச்சா இன்னும் ஒரு படி மேலே போனார். செடிகளை வெட்டிச் சீராக்கும் தோட்டக்காரர்களோடு சேர்ந்து படைப்புகள் செய்தவர் அவர். 2016இல் அல்சர்க்காலில் தனக்குக் கிடைத்த கிடங்கைக் கண்காட்சியாக்காமல், ஒரு வணிக நிறுவனம் சரக்கு இறக்கி ஏற்றும் குடோனாகவே திருப்பிக் கொடுத்தார். கேலரிக்கு முன்பு இந்தச் சுவர்களுக்குள் யார் உழைத்தார்கள் என்ற கேள்வியை இவ்வளவு நேராகக் கேட்ட படைப்பு அந்த வளாகத்தில் வேறொன்றை நான் அறியேன்.

தெற்காசியக் கலைக்கென்றே ஸ்மிதா பிரபாகர் 2019இல் இதே வளாகத்தில் ‘இஷாரா’ அறக்கட்டளையைத் தொடங்கினார். முதல் கண்காட்சியில் இடம்பெற்றவர்கள் கலைஞர்கள் ஸரினாவும் ஷில்பா குப்தாவும். வீடு என்பதே அந்நிய இடமாகிவிடுவதைப் பற்றிய ஸரினாவின் மரச்செதுக்கு அச்சுப்படங்கள் அங்கே இருந்தன. ஒரே அறையில் பலரோடு அடுக்குக் கட்டிலில் படுத்து, இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஊருக்கு வருகிற தொழிலாளியைவிட அவற்றை நெருக்கமாக உணரக்கூடியவர் யார்? அவன் கேம்ப்போ அதே பகுதியில்தான்.

கூடங்களுக்குள் நுழையக் கட்டணம் இல்லை. தொழிலாளிக்குத் தடை நாட்காட்டியில் இருக்கிறது. வெள்ளி வார விடுமுறையாக இருந்த காலத்தில் பெரும்பாலான கூடங்கள் வெள்ளியன்று மூடியிருந்தன. 2022இல் நாட்டின் வார விடுமுறை மாறிய பிறகு பல நிறுவனங்கள் தொழிலாளருக்கு ஞாயிறு ஓய்வு தருகின்றன. கூடங்களில் பலவும் இப்போது ஞாயிறுதான் மூடுகின்றன. கலையின் தரத்தில் அல் கூஸ் எந்தப் பெருநகருக்கும் சளைத்ததல்ல. அக்கம்பக்கத்தாரை அழைப்பதில் அது இன்னும் தொடங்கவேயில்லை. ஞாயிறு மாலை சில மணி நேரமாவது அந்தக் கதவுகள் திறந்திருக்க வேண்டும். துபாய் போகும் வாசகர்கள், அங்கே கேம்ப்பில் இருக்கும் அண்ணனையோ மாமாவையோ ஒரு சனிக்கிழமை வேலை முடிந்ததும் கையோடு உள்ளே கூட்டிப் போங்கள்.