தில்லையைக் காணும் முறை

கடலூரிலிருந்து செம்மங்குப்பத்தைத் தாண்டித் தெற்கே தில்லை எனப்படும் சிதம்பரத்துக்குச் செல்லும் யாத்திரைப் பேருந்துகளுள் பெரும்பாலானவை, காலையில் நடராஜர் தரிசனம், நடை சாத்திய பிறகு பிச்சாவரத்தில் படகு, பொழுது சாய்வதற்குள் ஊர் திரும்புதல் என்ற ஒரே கிரமத்தையே பின்பற்றுகின்றன. இதில் சலிப்புற்ற இளைஞர் சிலர், பிரசித்தி பெற்றவற்றை ஒதுக்கிவிட்டு, எவரும் அறியாத மூலைகளைத் தேடிச் சென்று படமெடுத்து வருவதையே பிரயாணத்தின் பயனாகக் கொள்ளத் தொடங்கியிருக்கிறார்கள். இரண்டு வழக்கங்களிலும் நியாயம் உண்டு. இரண்டிலும் பெருங்குறையும் உண்டு என்பது என் அபிப்பிராயம்.

முதல் வழக்கத்தை அற்பமென்று தள்ளிவிட இயலாது. பல தலைமுறைகள் ஓரிடத்தையே நாடிச் சென்றிருக்கின்றன என்றால், அதற்குக் காரணம் அந்த இடத்திலேயே இருக்கிறது. குறை, கோயிலுக்குப் போவதில் அன்று, கோயிலையும் முழுதாகப் பாராமல் திரும்புவதில் இருக்கிறது. கோபுர வாசலின் உட்சுவர்களில் நூற்றெட்டுக் கரணங்கள் சிற்பமாக நிற்க, கீழைக் கோபுரத்தில் அவற்றோடு நாட்டிய சாஸ்திரத்துச் சுலோகங்களும் பொறிக்கப்பட்டிருக்க, தலை நிமிராமல் அவற்றைக் கடந்து விரைகிறவர்கள், சக்கரமும் குதிரையும் பூட்டிய தேராக அமைந்த நிருத்த சபையையும், சிவகாமியம்மை சந்நிதியின் விதானத்து ஓவியங்களையும், அதே வளாகத்தில் பள்ளிகொண்டிருக்கும் கோவிந்தராஜரையும் அவ்வண்ணமே கடந்துவிடுகிறார்கள். நம் பழைய ஸ்தல யாத்திரை இத்தகைய அவசரத்துக்கு இடங்கொடுத்ததில்லை. தில்லைக்கு வந்தவர் ஊரின் வடபுறத்துத் தில்லைக் காளியையும், திருநீலகண்ட நாயனாரின் சரிதத்தோடு இணைந்த இளமையாக்கினார் கோயிலின் குளத்தையும் கண்டு, ஊர் முழுவதையும் ஒரு க்ஷேத்திரமாகவே பாவித்து நடந்தார்.

மூலைகளைத் தேடும் வழக்கத்தின் சிறப்பு, இந்த நடையை ஒருவாறு மீட்டுத் தருவதுதான். ஆனால் கண்ணுக்கு அழகாகத் தென்படாத எதையும் அது விட்டுவிடுகிறது. கெடில நதியின் முகத்துவாரத்தருகே புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளைப் படமெடுக்கிறவர்கள், 1690-இல் ஆங்கிலக் கம்பெனியார் மராட்டியரிடமிருந்து அக்கோட்டையை வாங்கியபோது, பீரங்கிக் குண்டு சென்று விழுந்த தூரம்வரை உள்ள கிராமங்கள் யாவும் அவர்களுக்கு உரிமையாயின என்பதையும், குண்டு உப்பலவாடி என்ற ஊரின் பெயரில் அச்செய்தி இன்றளவும் நிலைத்திருப்பதையும் அறியாமலே திரும்புகிறார்கள். அவ்வூரில் படமெடுக்க ஒன்றுமில்லை; ஆயினும் ஓர் அந்நிய ஆட்சி இக்கரையில் எவ்விதம் கால் ஊன்றியது என்பதை அந்தப் பெயரைப் போல் அந்தச் சுவர்கள் சொல்லமாட்டா. அப்பரைக் கல்லோடு கடல் ஒதுக்கிய இடமென்று போற்றப்படும் கரையேறவிட்டகுப்பத்துக்கும் இது பொருந்தும்.

இவ்வழக்கத்துக்கு மற்றொரு ஆபத்தும் உண்டு. தேடிக் கண்ட மூலை விரைவிலேயே சந்தடி மிகுந்த இடமாகிவிடுகிறது. இத்தாலியின் வெனிஸ் நகரம், பகற்பொழுதுக்கு மட்டும் வந்து போகும் திரளைத் தாங்கமாட்டாமல், 2024 ஏப்ரல் முதல் குறிப்பிட்ட நாட்களில் அத்தகையோரிடம் ஐந்து யூரோ நுழைவுக் கட்டணம் வசூலிக்கத் தொடங்கியது. நம்மிடம் பிச்சாவரமே போதிய உதாரணம். 1975-இல் வெளிவந்த 'இதயக்கனி' படத்தின் காட்சிகள் சில எடுக்கப்பட்ட அச்சதுப்புக் காடு, இன்று படகுத்துறையும் வரிசையும் உடைய பிரதான ஸ்தலம். அங்கே அலையாத்தி மரங்களிடையே தில்லை மரமும் வளர்கிறது. சிதம்பரத்துக்கு ஆதிப்பெயர் தந்த அம்மரத்தை இப்போது ஊருக்குள் காண்பது அரிதாகிவிட்ட நிலையில், காலையில் தில்லைக்கூத்தனைத் தொழுதுவிட்டு வந்தவர், தம் படகை உரசி நிற்கும் தில்லையை இன்னதென்று அறியாமல் போவது எனக்கு மிகுந்த வருத்தத்தைத் தருகிறது.

ஆகவே, ஒரு மூலை அறியப்படாதது என்பதனாலேயே மேன்மை பெறுவதில்லை. ஊரின் பிரதான ஸ்தலத்தை நோக்கி அது என்ன கேள்வி எழுப்புகிறது என்பதே கவனிக்கத்தக்கது. இவ்வகையில் ஓமக்குளத்துக்கு ஈடாகச் சிதம்பரத்தில் வேறோர் இடத்தை என்னால் சொல்ல முடியவில்லை. நந்தனார் தீயில் மூழ்கியெழுந்த பின்னரே கோயிலுக்குள் புகுந்தார் என்ற சரிதத்தை மரபு அந்த இடத்தோடு இணைக்கிறது. அந்த நந்தனாரின் பெயராலேயே சுவாமி சகஜானந்தர் 1916-இல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காகப் பள்ளி தொடங்கினார். நெருப்பினால் மட்டுமே திறந்ததாகச் சொல்லப்படும் ஒரு வாசலுக்கு எதிரே, கல்வியினால் வேறொரு வாசலைத் திறந்த அவர் செயல், ஆலயப் பிரவேசச் சட்டம் நிறைவேறிய 1947-க்கு முப்பத்தோராண்டுகள் முந்தியது. கோபுரத்தைக் கண்டு வியக்கிறவர், அதன் உள்ளே எவர் புக முடிந்தது, எவர் புறத்தே நின்றார் என்பதையும் எண்ணாவிட்டால், அந்த வியப்பு அரைகுறையானதே. ஆறுமுக நாவலர் 1864-இல் நிறுவிய சைவப்பிரகாச வித்தியாசாலையையும் இதனோடு சேர்த்துக் கண்டால், ஒரே ஊரில் இரு வேறு காலங்களில் இரு வேறு மக்களுக்காகக் கல்வி எவ்விதம் தேடப்பட்டது என்பது விளங்கும்.

இதற்குத் தனியே ஒரு நாள் ஒதுக்க வேண்டியதில்லை. உச்சிக்காலத்துக்குப் பின் நடை சாத்தி மாலையில் திறக்கும்வரை உள்ள நேரத்தில் சிறிது போதும். யாத்திரையை நடத்துவோர் பிச்சாவரத்துக்குப் புறப்படுமுன் பேருந்தை ஓமக்குளத்தில் நிறுத்தி, அவ்வூர்ப் பெரியவர் ஒருவரைப் பேசச் சொல்லி, அதன் பிறகு படகுத்துறையில் தில்லை மரத்தை இன்னதென்று காட்டினால், மாலையில் ஊர் திரும்பும் நேரமும் தவறாது.